போடி வழியாக மூணாறு: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு பயண வழிகாட்டி

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து மூணாறு கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் சென்ட்ரலில் கேரள ரயில் ஒன்றைப் பிடித்து, ஆலுவாவிலோ எர்ணாகுளத்திலோ இறங்கி, நேரியமங்கலம், அடிமாலி வழியாக மலையேறுகிறார்கள். அந்த வழியில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் முதன்முறை போகிறவர்கள் கிழக்கே போடிநாயக்கனூரிலிருந்து ஏறிப் போக வேண்டும் என்பதே என் பரிந்துரை. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிய தொழிலாளர்கள் இந்தப் பக்கத்திலிருந்துதான் ஏறினார்கள். அங்கே விளைந்த தேயிலையும் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வரைக்கும் இந்தப் பக்கமாகத்தான் இறங்கியது. ஊரின் வரலாறு வந்த வழியிலேயே நாமும் போனால், அங்கே பார்க்கிற ஒவ்வொன்றும் எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்பது தானாகவே விளங்கும்.

எந்த மாதத்தில் போவது

நாள் குறிக்கும்போது மூன்று கணக்குகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: மலையில் பெய்யும் மழை, நம் ஊரில் பெய்யும் மழை, வரையாட்டின் பேறுகாலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மூணாற்றில் பிடித்து ஊற்றும். மண்சரிவால் பாதை அடைபடுவதும் இந்த மாதங்களில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை போடிப் பக்கத்து மலைச்சரிவை நனைக்கும். அதே மாதங்களில்தான் வடசென்னையில் தெருத்தண்ணீர் வாசற்படி ஏறுமோ என்ற கவலையும் இருக்கும் என்பதால், வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு நாள் வெளியூர் போவது பலருக்கு இயலாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடுகள் குட்டி ஈனும் காலமென்று இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம் சாலையை நிறைத்துவிடும்.

கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பொங்கல் முடிந்த பிறகு வரும் ஜனவரியின் பின்பாதி. வானம் தெளிந்திருக்கும், பூங்காவும் திறந்திருக்கும். பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து அந்த வாரங்களில் போக முடியாதவர்கள், மழை குறையத் தொடங்கும் செப்டம்பர் இறுதியில், காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாம். ஒரு நாள் முழுக்க மழைக்குப் பறிகொடுக்க நேரிடும் என்பதற்கு மனத்தை ஆயத்தம் செய்துகொண்டுதான் போக வேண்டும்.

ஜனவரி என்றால் குளிர் கடுமையாக இருக்கும். மூணாறு நகரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதற்கும் மேலே உள்ள எஸ்டேட்டுகளில் சில விடியற்காலைகளில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கிப் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்திருக்கும். கடற்கரையில் வளர்ந்த நம் வீடுகளில் கம்பளி உடுப்பு இருப்பதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஆளுக்கொரு ஸ்வெட்டரும், காதை மூடும் குல்லாவும், இரண்டு ஜோடிக் காலுறையும் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மலைமேல் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் இரவு முழுக்கக் குழந்தைகள் நடுங்குவார்கள்.

ரயிலும் நாள் கணக்கும்

மதுரைக்கும் போடிக்கும் இடையே 1928-இல் போடப்பட்ட மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில் இல்லாமல் கிடந்த போடிக்கு 2023 ஜூன் மாதம் மீண்டும் ரயில் வந்தது. அதுவும் சென்னை சென்ட்ரலிலிருந்து நேரடியாக வந்தது. திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் சென்ட்ரலில் புறப்படும் இந்த ரயில், காட்பாடி, சேலம், கரூர், மதுரை, தேனி வழியாக மறுநாள் காலையில் போடியை அடைகிறது. செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலைக்குமேல் போடியில் கிளம்பி மறுநாள் காலையில் சென்னைக்குத் திரும்புகிறது. முன்பதிவு செய்யும்போது நாளையும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரயில்வே கால அட்டவணை மாறக்கூடியது.

தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்ட பிறகு, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்குப் பேருந்து நிலையம் போய்ச் சேருவதே ஒரு பயணமாகிவிட்டது. சென்ட்ரல் நமக்குக் கைக்கெட்டிய தூரம். விம்கோ நகர், திருவொற்றியூர் தேரடி, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை நிலையங்களில் எங்கே மெட்ரோ ஏறினாலும் வண்டி மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். பெரம்பூர், கொளத்தூர்க்காரர்களுக்குப் பேருந்தோ புறநகர் ரயிலோ போதும்.

புதன்கிழமை இரவு புறப்பட்டு, வியாழன் முதல் ஞாயிறு வரை மலையில் இருந்து, ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவதே வேலைக்குப் போகிறவர்களுக்கு வாய்ப்பான கணக்கு. வியாழன், வெள்ளி இரண்டு நாளுக்கு மட்டும் விடுப்பு எடுத்தால் போதும். திங்கள் காலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். இதில் மற்றொரு வசதியும் உண்டு. கூட்டம் நெரியும் இரவிகுளத்தை வார நாளான வெள்ளிக்கிழமையில் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை விடும் தேயிலை அருங்காட்சியகமும் நம் நாள்களில் திறந்தே இருக்கும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கேட்கிறார்கள் அல்லவா, மூணாற்றுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுபோகாதீர்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போவதே நல்லது.

போடியிலிருந்து மேலே

போடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் சிற்றுண்டியை அளவோடு முடித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரப்போவது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதி வழியில் வண்டியை நிறுத்த வேண்டிவரும். மூணாறு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். நேரடிப் பேருந்துகள் குறைவு. ஐந்தாறு பேர் உள்ள குடும்பமானால் வாடகைக் காரோ ஜீப்போ பேசிக்கொள்வது உசிதம். வண்டிக்காரரிடம் கிளம்புவதற்கு முன்பே, வழியில் எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லி வாடகையை முடிவு செய்துவிடுங்கள்.

இந்தச் சாலை கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். போடிமெட்டு வரை தமிழ்நாடு, அதற்கு மேல் கேரளம். மெட்டில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், காலையில் ரயிலில் கடந்து வந்த தேனி மாவட்டச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். அதிகாலையில் ஏறுகிறவர்கள், தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளையும் பார்ப்பார்கள். மாலையில் அதே ஜீப்புகள் இறங்கும். இந்த மலையின் வருமானம் இன்றும் கீழிருந்து ஏறிப் போகிற கைகளை நம்பித்தான் இருக்கிறது.

பூப்பாறை வரை ஏலக்காட்டு நிழல். அதற்கப்புறம் ஆனையிறங்கல் அணையும், அதைச் சுற்றித் தேயிலையும். இந்தச் சுற்றுவட்டாரம் யானைகளின் வழித்தடம். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை சுற்றித் திரிந்தது பக்கத்துச் சின்னக்கானலில்தான். ஆகவே இருட்டியபின் இந்தச் சாலையில் பயணம் செய்யாதீர்கள். பகலில் யானையைப் பார்த்தாலும் வண்டியைவிட்டு இறங்காதீர்கள். அடுத்து, பாறையைக் குடைந்து போட்ட கேப் ரோடு வரும். தேவிகுளம் தாண்டி இறங்கினால் மூணாறு.

இந்த ஊர் உண்டான கதை

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் பள்ளத்தாக்கில் நகரம் இருக்கிறது. தோட்டங்கள் வருவதற்கு முன் இந்த மலைகள் முதுவர் பழங்குடியினருடையவை; தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது. நிலத்தின் மீது உரிமை கொண்டிருந்த பூஞ்சார் அரச குடும்பமும் தன்னைப் பாண்டியர் வழி என்றே சொல்லிக்கொண்டது. 1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சார் குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதியைக் குத்தகைக்கு வாங்கினார். இரண்டு ஆண்டுகளில் தோட்டக்காரர்களின் சங்கம் ஒன்று உருவாயிற்று. காப்பி, சின்கோனா, கற்றாழை நார் என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். 1880-இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார், நிலைத்தது அதுதான். 1890-களில் ஸ்காட்லாந்து வணிக நிறுவனமான பின்லே வந்த பிறகு தோட்டங்கள் ஒரு கம்பெனியின் கீழ் ஒன்றுதிரண்டன. 1964-இல் டாடா கூட்டுச் சேர்ந்தது. 1983-இல் முழுவதும் டாடா டீயின் கைக்குப் போயிற்று. 2005-இல் ஊழியர்களே பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் ஒன்று உருவாகி இன்றுவரை நடத்திவருகிறது.

முதலாளிகளின் பெயர்களை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. காட்டை வெட்டிச் செடி நட்டவர்களின் பெயர்களை அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகளால் ஆள் சேர்க்கப்பட்டு வந்த தமிழர்கள், அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். வரிசை வரிசையாகக் கட்டிய லயங்களில் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்றும் வாழ்கிறார்கள். மூணாற்றுக் கடைத்தெருவில் தமிழ் கேட்பதற்கு இதுவே காரணம்.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுடன் சேர வேண்டும் என்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. கன்னியாகுமரி இந்தப் பக்கம் வந்தது, தேவிகுளம் அந்தப் பக்கமே நின்றது. 1958-இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில், தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலையேறி வந்து, தம்பி இளையராஜாவையும் உடன் வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டுகளால் பரப்புரை செய்தார். கேரளத் தேர்தலில் தமிழ்ப் பாட்டு வாக்குச் சேகரித்தது என்றால், இந்தப் பள்ளத்தாக்கின் பேச்சு எது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

முதல் நாள்: ஊருக்குள்

வியாழன் நண்பகல் போய்ச் சேருவீர்கள். அன்று தொலைவாக எங்கும் போக வேண்டாம். பயணக் களைப்போடு குளிரும் சேர்ந்தால் பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அறையில் ஒரு மணிநேரம் படுத்து எழுந்துவிட்டு, கடைத்தெருவையும் ஆற்றுப் பாலங்களையும் நடந்தே பாருங்கள். முருகன் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஊரைச் சுற்றித் தனித்தனிக் குன்றுகளில் நிற்பது பாலத்திலிருந்தே தெரியும்.

கருங்கல்லில் கட்டிய சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துக்குக் கட்டாயம் போங்கள். 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலயத்தைவிட, அதன் பின்னால் மேட்டிலுள்ள கல்லறைத் தோட்டம் பழையது. 1894-இல், மலைக்கு வந்த சில நாள்களிலேயே வாந்திபேதியில் இறந்துபோன எலினார் என்ற இளம் ஆங்கிலேயப் பெண்ணை அங்கே அடக்கம் செய்ததிலிருந்து கல்லறைத் தோட்டம் தொடங்கியது. ஆலயத்தின் உட்சுவரில் தோட்டத் துரைமார்களின் நினைவுப் பலகைகள் இருக்கின்றன. மருத்துவ வசதியோ பாதையோ இல்லாத மலையில் காலராவும் மலேரியாவும் துரைமார்களையே இப்படிக் கொண்டுபோயின என்றால், லயங்களில் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கும் என்று அங்கே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள்: இரவிகுளமும் அருங்காட்சியகமும்

வெள்ளி காலையில் முதல் வேலையாக இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மறையூர் சாலையில் அஞ்சாம் மைல் என்ற இடத்தில் நம் வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்கு ஏற வேண்டும். அங்கிருந்து தார்ச்சாலையிலேயே நடை. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்கா 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மிக அதிகமாக வாழும் இடங்களில் முதன்மையானது இதுதான். செங்குத்துப் பாறையில் குளம்பு வழுக்காமல் நிற்கிற அந்த விலங்கு, ராஜமலைச் சாலை ஓரத்தில் மனிதருக்கு அஞ்சாமல் மேய்ந்துகொண்டிருக்கும். மிக அருகில் வந்தாலும் தொடவோ தின்பண்டம் கொடுக்கவோ கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எதிரே உயர்ந்து நிற்பது 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி. தென்னிந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இந்தச் சரிவுகளில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். அந்த ஆண்டு போக எண்ணுகிறவர்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களுக்கு மிகவும் முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

பெட்டிமுடி என்ற பெயரை 2020 ஆகஸ்டில் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அது இந்த ராஜமலையைச் சேர்ந்தது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்ததில் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தை வேராகக் கொண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். இறந்தவர்களின் நினைவிடம் ராஜமலையில் இருக்கிறது. அது சுற்றுலா இடமன்று. செல்ல வாய்த்தால் வணங்கிவிட்டு வாருங்கள், படம் எடுக்க வேண்டாம்.

பிற்பகலில் நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நகரத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். 2004-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், பறித்த கொழுந்து எப்படித் தூளாகிறது என்பதைச் சிறிய அளவில் இயந்திரத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். கொழுந்தை வாட்டி ஈரம் குறைப்பது, பற்களுள்ள உருளைகளுக்கிடையே கொடுத்து நசுக்கிச் சுருட்டுவது, காற்றுப்பட வைத்துப் பச்சை நிறம் செம்பு நிறமாக மாறவிடுவது, சூட்டில் உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது என்று வரிசையாகப் பார்த்துவிட்டால், நம் தெருமுனைத் தேநீர்க் கடையில் கொதிக்கிற டஸ்ட் எந்தச் சல்லடையின் அடியில் விழுந்தது என்பதுவரை தெரிந்துவிடும். தூள் எவ்வளவு பொடியோ அவ்வளவு விரைவாகச் சாறு இறங்கும். பாலோடு கடுப்பாகக் குடிக்கிற நமக்கு டஸ்ட் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுவே.

அங்கேயே நின்று பார்க்க வேண்டிய மற்றொரு பொருள், கருங்கல்லில் செதுக்கிய சூரியக் கடிகாரம். 1913-இல் நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்த கைத்தொழிற் பள்ளியில் செய்து இங்கே கொண்டுவந்தது. தோட்டத்தில் தண்ணீரால் மின்சாரம் எடுக்க உதவிய பெல்டன் சக்கரமும், இல்லாமல்போன ஒரு ரயிலின் இரும்புச் சக்கரமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தச் சக்கரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் பயணம் முழுவதும் அந்த ரயில் ஓடிய தடத்தை ஒட்டித்தான்.

மூன்றாம் நாள்: ரயில் போன வழியில் டாப் ஸ்டேஷன்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். டாப் ஸ்டேஷன் மூணாற்றிலிருந்து 32 கிலோமீட்டர். நண்பகல் நெருங்கினால் மேகம் ஏறிப் பள்ளத்தாக்கை மூடிவிடும். ஆகையால் வழியில் எங்கும் நிற்காமல் நேரே கடைசிவரை போய்விட்டு, திரும்பும்போது மற்ற இடங்களைப் பாருங்கள். வண்டிக்காரர்கள் பலர் இதற்கு நேர்மாறாகக் கூட்டிப்போவார்கள்; நீங்கள்தான் கறாராகச் சொல்ல வேண்டும்.

1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. பாரம் முழுவதும் ஒரே தண்டவாளத்தின் மேல் உருளும் சிறிய சக்கரங்களில் நிற்க, வண்டி சாயாமல் இருப்பதற்காகப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வரும். இழுப்பது காளை மாடுகள். 1908-இல் இது இரண்டடி அகலமுள்ள இருப்புப் பாதையாக மாற்றப்பட்டு நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் பெயர். மாட்டுப்பட்டி, பாலாறு, குண்டளை நிலையங்களைத் தாண்டி டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகள் இறங்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு, மலையடிவாரத்துக் கொட்டக்குடிக்கு இறக்குவார்கள். கொட்டக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் போடிக்கும், பிறகு ரயிலடிக்கும், கடைசியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போய் அந்தத் தேயிலை கப்பலேறியது. அரிசியும் தளவாடங்களும் இதே வழியில் மேலே ஏறின.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தை அன்றாடம் கடந்துபோகிற நமக்கு, ஒரு ரயில் பாதை எப்படி ஓர் ஊரையே உண்டாக்கும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூணாற்றில் அந்தப் பாதைக்கு ஆயுள் மிகக் குறைவு. 1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099-இல் பெய்த பெருமழையில் மண்சரிவும் வெள்ளமும் தண்டவாளங்களையும் பாலங்களையும் நிலையங்களையும் வாரிக்கொண்டு போயின. கேரளத்தில் இன்றும் முதியவர்கள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே சொல்கிறார்கள். ரயிலை மறுபடி போடவில்லை. மேற்கே ஆலுவாவுக்குப் புதிய சாலை போடப்பட்டது. தேயிலை திசை மாறிக் கொச்சிக்குப் போகத் தொடங்கியது. மூணாறு ரயில் நிலையமாக இருந்த கட்டடம் இன்று தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாக இருக்கிறது.

டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. காட்சி முனைக்குப் போகும் படிகள் செங்குத்தாக இறங்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் மேலேயே நின்று பார்த்தாலும் போதும். வடம் இறங்கிய சரிவும், கொட்டக்குடியும், அதற்கப்பால் வியாழக்கிழமை நீங்கள் ரயிலில் வந்து இறங்கிய போடிச் சமவெளியும் ஒரே பார்வையில் தெரியும். இங்கிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கலாம் என்று யாரேனும் அழைத்தால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்பதைக் கேளுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக்காட்டில் பற்றிய தீயில், சென்னையிலிருந்து வந்தவர்கள் உட்பட மலையேற்றத்துக்குப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் அந்தப் புல் காய்ந்து கிடக்கும்போது அனுமதியே கொடுத்தாலும் போகாதீர்கள்.

திரும்பும் வழியில் 1946-இல் கட்டிய குண்டளை அணையும், 1953-இல் முடிந்த மாட்டுப்பட்டி அணையும் வரும். 1940-இல் இயங்கத் தொடங்கிய, கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசலுக்கு இந்த நீரே போகிறது. இரண்டில் ஒன்றில் படகு விட்டால் போதும். மாட்டுப்பட்டியில் அக்கரைப் புல்வெளிக்கு யானைக் கூட்டம் வருவதுண்டு என்பதால் நான் அதையே சொல்வேன். எக்கோ பாயிண்டில் பிள்ளைகள் கத்தி மகிழ்வார்கள். பத்து நிமிடம் போதும்.

தோட்டத்துக்குள் நடந்துகொள்ள வேண்டிய முறை

தேயிலைக் காடு பார்க்கப் பூங்காவைப் போல இருந்தாலும் அது வேலையிடம். சாலையோரச் செடிவரிசைக்குள் நுழைந்து படமெடுப்பவர்கள், கொழுந்து நிறைந்த மூட்டையைத் தலையில் சுமந்து வருகிறவர்களின் நடைபாதையை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். செடிகளின் ஊடே உள்ள அந்தத் தடம் ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். இடுப்பில் தார்ப்பாய்த் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பை பொருத்திய கத்தரியால் கொழுந்தை வெட்டுகிற அந்த அம்மாக்களிடம் தமிழிலேயே வணக்கம் சொல்லிப் பேசுங்கள். எந்த ஊர் என்று கேட்டால், தாங்கள் பார்த்திராத ஒரு கிராமத்தின் பெயரைத் தாத்தா ஊர் என்று சொல்வார்கள். முகத்தைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். லயத்துக்குள் அழைப்பில்லாமல் போக வேண்டாம்.

2015 செப்டம்பரில் இந்தப் பெண்கள்தான் போனஸ் குறைப்பை எதிர்த்து, பொம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் திரண்டு மூணாற்றுச் சாலையில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் பக்கத்தில் அண்டவிடாமல் நடத்திய அந்தப் போராட்டத்தின் முடிவில், கேட்ட 20 சதவீதத்தைப் பெற்றார்கள். 1918-இல் பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய பெரம்பூர் மண்ணிலிருந்து போகிற நாம், மூணாற்றுக் கடைத்தெருவை இந்த நினைவோடு கடப்பதே முறை.

நான்காம் நாளும் திரும்புவதும்

ஞாயிறு காலையில் அவசரமின்றி எழுந்து, பத்து மணிக்குள் கிளம்பினால் இறங்கும் வழியில் தேவிகுளம், கேப் ரோடு, பெரியகானல் அருவி ஆகியவற்றில் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டே பிற்பகலில் போடிக்கு வந்துவிடலாம். ஒரு நாள் கூடுதலாக இருப்பவர்கள் வடக்கே மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கலாம். சந்தனக் காடு, பெருங்கற்காலத்துக் கல்லறைகளான முனியறைகள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம், சின்னாறு சரணாலயம் எல்லாம் அந்த வழியில்தான் உள்ளன. உடுமலையிலிருந்து பழனி, திண்டுக்கல் வழியாகச் சென்னைக்கு ரயில் உண்டு. சின்னாற்றுக் காட்டுச் சாலையையும் பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

தேயிலையை அருங்காட்சியகத்திலோ நிறுவனத்தின் நேரடிக் கடையிலோ வாங்குங்கள். வீட்டில் பால் சேர்த்துக் குடிப்பதற்கு டஸ்ட் வகையும், பாலில்லாமல் குடித்துப் பார்க்க விரும்பினால் இலை வடிவம் கெடாத ஆர்த்தடாக்ஸ் வகையில் ஒரு சிறு பொட்டலமும் போதும். சாலையோரத்தில் சாக்லேட் தேயிலை, ஏலக்காய்த் தேயிலை என்று விற்பவை வாசனை ஏற்றியவை. அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏலக்காயை மட்டும் போடிக்கு வந்த பிறகு வாங்குங்கள். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் அது. கடைகளில் காயின் பருமனைப் பார்த்துத் தரம் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு காயை உரித்துப் பார்த்து, விதைகள் கறுத்து, ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் வாங்கலாம். வெளுத்து உதிர்ந்தால் பழைய சரக்கு. பச்சை நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காற்றுப் புகாதபடி இரட்டைப் பையில் கட்டித் தரச் சொல்லி, ரயிலில் துணிமணிப் பையிலிருந்து தனியாக வையுங்கள். இரவுச் சாப்பாட்டைப் போடியிலேயே பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு, வண்டி புறப்படுவதற்கு அரை மணிநேரம் முன்பே நிலையத்துக்கு வந்துவிட்டால், மறுநாள் காலையில் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்துக்கொள்ளலாம்.